காகிதத்தில் பிறந்தவன்

ஊரார் சிறுநீரைப் படிக்கிற வேலை எனக்கு.
லியெபாயா துறைமுகத்துக்குப் பக்கத்து மருத்துவமனை,
சன்னல் இல்லாத கீழ்த்தளம்.
சர்க்கரை, உப்பு, கிருமி, கரு.
ஒரு துளி போதும், ஆளைச் சொல்லிவிடுவேன்.

வீட்டுக் கதவைத் திறந்தால்
எனக்கு முன்னால் என் மூக்கு நுழைகிறது.
இன்றைக்கு எங்கே?

திங்கள், குளியலறை மிதியடி.
செவ்வாய், மூட மறந்த இழுப்பறை,
மின்கட்டண ரசீதுகளின் மேல்.
புதன், மழையில் நனைந்த காலணிக்குள்
ஈரம் இழுக்க நான் திணித்து வைத்திருந்த
செய்தித்தாள் உருண்டையில்.

பிபர்ஸ் என்று பெயர். எங்கள் மொழியில் மிளகு.
ஒன்பது வாரம். உள்ளங்கையில் வைத்தால்
இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.
இத்தனூண்டு உடம்பில்
இவ்வளவு தண்ணீர் எங்கேதான் இருக்கிறதோ.

களிமண் குருணை வாங்கினேன், உருண்டு விளையாடினான்.
பைன்மரத் துகள் வாங்கினேன், அதில் படுத்துத் தூங்கினான்.
பனிக்கட்டிபோல் மினுங்கும் விலையுயர்ந்த வெள்ளைப் பரல்,
அதை ஒன்று கடித்துப் பார்த்துத் துப்பினான்.
தட்டை அடுப்படியிலிருந்து சன்னலுக்கும்
சன்னலிலிருந்து கட்டிலடிக்கும்
வாடகை பாக்கிக்காரனைப்போல் குடிமாற்றினேன்.

கீழ்வீட்டு ஸ்காய்த்ரீட்டே படியில் மறித்து,
"மரவீடு இது. உன் தரை குடிப்பதை
என் கூரை ஒருநாள் கக்கும்" என்றாள்.
வினிகர் ஊற்றித் துடைத்தேன்.
வீடு ஊறுகாய் ஜாடியானது.

ஒருநாள் அவனுடையதையும் குழாயில் பிடித்து
இரண்டு நோயாளிகளுக்கு நடுவே செருகினேன்.
பெயர்: பிபர்ஸ். பால்: ஆண்.
தொழில்: இல்லை.
கல் இல்லை, கிருமி இல்லை, ரத்தம் இல்லை.
என் கையெழுத்திலேயே அவனுக்கு நற்சான்று.

அன்றிரவு தலையணையில் செய்தான்.
பிடரியைப் பிடித்துத் தூக்கி
ஈரத்துக்கு நேரே மூக்கைக் கொண்டுபோய்க் கத்தினேன்.
என்ன கத்தினேன் என்று சொல்லமாட்டேன்.
அவன் கண்ணை மூடிக்கொண்டான்.
பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடாது.
அன்றைக்கு இருண்டது.
அடுப்புக்குப் பின்னால் போனவன்
இரண்டு நாள் வரவில்லை.
வைத்த பால் ஆடை கட்டியது.

மூன்றாம் நாள் குன்வால்டிஸைக் கூப்பிட்டேன்,
இவனைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவன்.
"எங்கே பிறந்தான்?"
"அச்சகத்தில். வெட்டுகிற இயந்திரத்துக்கு அடியில்,
கத்தரித்த காகித விளிம்புகள் விழும் பெட்டியில்.
படுக்கை, விளையாட்டு, மற்றதெல்லாமும் அதிலேதான்."
"முன்னமே சொல்லியிருக்கலாமே?"
"நீ கேட்கவே இல்லையே, ஸ்முய்த்ரா."

ரசீதுகள். செய்தித்தாள் உருண்டை.
செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கிறான்,
புதன்கிழமை திரும்பச் சொல்லியிருக்கிறான்.
படிக்கத் தெரிந்தவள் என்று
சம்பளம் வாங்குகிறேன் நான்.

கிழித்தேன்.
கடைகளின் தள்ளுபடித் தாள்,
தேர்தலில் தோற்றவரின் சிரித்த முகம்,
ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் எழுதும் அன்புக் கடிதங்கள்,
போன வருடத்து நாள்காட்டி பன்னிரண்டு மாதமும்.
தட்டு நிறையப் பரப்பி
குளியல் தொட்டி விளிம்பில்
விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
வெளியே கடற்காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

நெடுநேரம் கழித்து, இருட்டில்,
சரக்.
சரக் சரக்.
பிறகு ஒரு மெல்லிய சத்தம்.
பிறகு மறுபடி சரக், மூடுகிறான்.

வாரத்துக்கு ஒரு கைப்பிடி என்று
காகிதத்தோடு குருணை கலக்கிறேன்.
இப்போது பாதிக்குப் பாதி.
கண்டுகொண்டதுபோல் பார்க்கிறான்,
போனால் போகிறது என்று ஏறுகிறான்.
என் மடியில் ஏற மட்டும்
இன்னும் ஒரு கணம் யோசிக்கிறான்.

நேற்று ஞாயிறு.
மிதியடியில் ஒரு சின்னக் குளம்.
குனிந்து பார்த்தேன்.
தெளிவாக இருந்தது. நல்ல நிறம்.
துணி எடுக்கப் போனேன்.